ஒன்னாம் கவுண்டர்ல கத்தறவன்

…இல்ல சார், உள்ள வாங்க, இது வாசப்படியில நின்னு பேசற விஷயமில்ல. செருப்போடவே வாங்க, பரவால்ல. பிரிஜெட் பூசைக்குப் போயிருக்கா, திட்ட ஆளில்ல. ஒக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடுது, ஸ்டூல்ல ஒக்காருங்க. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். டிவில கோடு கோடா ஓடுது, நடுவுல வாத்து கத்தற மாதிரி ஒரு சத்தம். அந்த வாத்து நான்தான். ஒத்துக்கறேன். இப்ப மணி பத்து அம்பது. பன்னெண்டு மணி வரைக்கும் பொறுத்துக்குங்க, அதுக்கப்புறம் வாத்து வாயத் தொறக்காது. ஆனா பாருங்க, நீங்க கோச்சுக்க வேண்டிய ஆளு நான் இல்ல. அவன் அடுத்த தெருவுல இருக்கான். பேரு டிரேவர். அவன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா வியாழக்கெழம காலையிலயே நான் வேலைய முடிச்சிட்டு, ரேடியோவ மூடி வெச்சிட்டு, குழந்தை ஏசு கோயிலுக்கு நவநாளுக்குப் போயிருப்பேன். இன்னிக்கு ஞாயித்துக்கெழம. நாலு நாள் சார்.

நீங்க மாடிக்கு வந்து ஒரு வாரந்தான் ஆவுது, வேலூர்லேந்து பேங்க்ல டிரான்ஸ்பர், பேரு கவியரசன். ஓனரம்மா சொன்னாங்க. நான் டென்சில். முப்பத்தாறு வருஷம் தபால் இலாகா, ரிடையர் ஆயி ஆறு வருஷம். இது ரேடியோ. கேக்கற ரேடியோ இல்ல, பேசற ரேடியோ. லைசென்ஸ் இருக்கு, செவுத்துல பாருங்க, ஃப்ரேம் போட்டிருக்கேன். கல்யாண போட்டோவுக்கு ஏன் ஃப்ரேம் போடலன்னு பிரிஜெட் முப்பது வருஷமா கேக்கறா. கல்யாணத்துக்குப் பரிச்ச எழுதலையே நான்.

என்ன பேசுவீங்கன்னு மட்டும் கேக்காதீங்க. எல்லாரும் அதத்தான் மொதல்ல கேக்கறாங்க. ஒன்னும் பேச மாட்டோம். நான் என் கால்சைன் சொல்லுவேன். கால்சைன்னா கார் நம்பர் மாதிரி, ஒலகத்துல ஒருத்தனுக்கு ஒன்னுதான். அவன் அதத் திருப்பிச் சொல்லி ‘அம்பத்தொம்போது’ம்பான். அப்படின்னா, நீ பேசறது பிரமாதமா கேக்குதுன்னு அர்த்தம். நானும் ‘அம்பத்தொம்போது’ம்பேன். ஆய்து, முடிஞ்சுது. ரெண்டு பேருக்கும் ஒரு எழவும் கேக்கலன்னாலும் அம்பத்தொம்போதுதான், அது ஒரு மரியாதை. அப்புறம் அவன் தபால்ல ஒரு கார்டு அனுப்புவான். கார்டு வந்துதுன்னா அந்த நாடு நம்ம லிஸ்டுல சேந்துது. அவ்வளவுதான். இதுக்குத்தான் நாலு நாளா குளிக்காம ஒக்காந்திருக்கேன். சிரிக்காதீங்க. உங்க பேங்க்ல வேல பாக்கறவங்க தபால்தலை சேக்கறதில்லையா, அது மாதிரி. இல்ல, அது மாதிரி இல்ல. தபால்தலைய கடையில வாங்கிடலாம்.

எனக்கு இருநூத்தித் தொண்ணூத்தொம்போது நாடு ஆயிருக்கு சார். மொட்டமாடியில ஒரு கம்பிய வெச்சிக்கிட்டு, விவேக் நகர்லேந்து, அந்தக் கம்பியில மாடிவீட்டு யூனிஸ் டீச்சர் நைட்டி காயப்போட்ட காலத்துலயும் சேத்து. நீங்க வர்றதுக்கு முன்னாடி இருந்தாங்களே, அவங்கதான். நல்ல மனுஷி, ஆனா கம்பின்னா துணி காயத்தான்னு ஒரு நம்பிக்க. மூணு நைட்டி ஈரமா தொங்குனா எனக்கு ஐரோப்பா கெடைக்காது. போயி எடுங்கன்னு சொல்லவும் கூச்சமா இருக்கும். காயட்டும்னு ஒக்காந்திருப்பேன். காயறதுக்குள்ள அங்க ராத்திரி ஆயிடும். உங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லியே? சந்தோஷம்.

முந்நூறாவதுக்குத்தான் இப்ப சண்ட. அது ஒரு பாறை. தீவுன்னு பேப்பர்ல போடுவாங்க, தப்பு, தீவுன்னா நாலு செடியாவது இருக்கணும். தென்கடல்ல, எதுக்கும் பக்கத்துல இல்லாம, ஐஸ் காத்துல ஒரு பாறை. ஜனம் கெடையாது. தபாலாபீஸ் கெடையாது. பென்குவின் இருக்கு. ஆனா எங்க லிஸ்டுல அது ஒரு நாடு. நாடுன்னா என்னன்னு எங்க ஆளுங்க எட்டுப் பக்கத்துக்கு விதி எழுதி வெச்சிருக்காங்க, அந்த எட்டுப் பக்கத்துல எங்கயுமே மனுசன் இருக்கணும்னு சொல்லல. இந்தப் பாறைக்கு எவனும் போறதில்ல. போன தடவ ஆளு போயி ரேடியோ வெச்சது பதினேழு வருஷத்துக்கு முன்னால. அப்ப நான் குல்பர்காவுல டிரான்ஸ்பர், ரேடியோ இங்க டிரங்குப் பெட்டியில. இப்ப பத்துப் பேரு கப்பல் புடிச்சு, வாந்தி எடுத்துக்கிட்டே போயி, கூடாரம் அடிச்சிருக்காங்க. வியாழக்கெழம காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நம்ம நேரத்துக்கு பன்னெண்டு மணிக்கு மூட்டை கட்டறாங்க. காத்து மாறுதாம், கப்பல் காத்திருக்காதாம். அடுத்து யாராவது போறதுக்கு இன்னும் பதினேழு வருஷம் ஆச்சுன்னா எனக்கு எம்பத்தொன்னு. டாக்டர்கிட்ட கேட்டேன், பதினேழு வருஷம் ஓடுமான்னு. மொதல்ல உப்பக் கொறைங்கறாரு.

அதனால இன்னிக்கு, இன்னும் ஒரு மணி நேரத்துல, பாறையில ஒக்காந்திருக்கறவன் என் கால்சைனச் சொல்லணும். ஒரே ஒரு தடவ. எனக்கு வேற ஒன்னும் வேணாம்.

அது ஏன் நடக்கலன்னு சொல்றேன், கேளுங்க. தபாலாபீஸ் வெச்சு சொன்னா புரியும். ஒலகத்துல இருக்கற அத்தன பைத்தியமும் அந்தப் பாறையக் கூப்புடுது. ஒரே எடத்துல எல்லாரும் கத்துனா அவன் பேசறது எவனுக்கும் கேக்காது. அதனால ரெண்டு கவுண்டர். ஒன்னாம் கவுண்டர்ல அவன் மட்டும் பேசுவான், நாம வாய மூடிக்கிட்டு கேக்கணும். ரெண்டாம் கவுண்டர்ல நாம கத்தணும், அவன் கேப்பான். ஒன்னாம் கவுண்டர்ல பப்ளிக் கத்தவே கூடாது. கத்துனா அவன் யாரு பேர கூப்புட்டான்னு ஒலகத்துக்கே கேக்காமப் போயிடும். இது சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். முப்பத்தாறு வருஷத்துல ரிஜிஸ்டர் தபால் போடற கவுண்டர்ல வந்து மணியார்டர் கேட்டவங்கள நான் என்ன பாடு படுத்தியிருக்கேன்னு ஷிவாஜிநகர்ல போயி கேளுங்க, சொல்லுவாங்க.

ஆனா நாலு நாளா ஒருத்தன் ஒன்னாம் கவுண்டர்ல நின்னு கத்தறான் சார்.

ஒலகமே திட்டுது. மத்தவன் திட்டறது எனக்கு ஒன்னாம் கவுண்டர்ல நல்லா கேக்குது. ஜெர்மன்காரன் திட்டறான். ஜப்பான்காரன், ஒருத்தர ஏசவே தெரியாத ஜனம், அவனே திட்டறான். ‘மேல போ, மேல போ’ங்கறாங்க. அப்படின்னா ரெண்டாம் கவுண்டருக்குப் போன்னு அர்த்தம். ‘இந்தியா முட்டாள்’ங்கறாங்க. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுது. இந்தியாவுலேந்து ஒருத்தன் இந்த வேல பண்றான், நம்ம மானத்த வாங்கறான்னு. எனக்கு எப்பவுமே அநியாயத்தப் பாத்தா சும்மா இருக்க முடியாது. நானும் மைக்க எடுத்து, ‘மேல போடா முட்டாளே, மேல போ’ன்னு கத்துனேன். கத்தி முடிச்சு மைக்க விட்டா, இத்தாலிக்காரன் ஒருத்தன் அழற கொரல்ல இன்னும் ஜாஸ்தியா திட்டறான். பாவம், அவனுக்கும் கெடைக்கல போல.

இப்ப வேடிக்கையக் கேளுங்க. திட்டறதெல்லாம் எனக்குக் கேக்குது. ஆனா திட்டு வாங்கறவன் கொரல் மட்டும் நாலு நாள்ல ஒரு தடவ கூட எனக்குக் கேக்கல. ஏன்? அங்கதான் அவன் மூள. நான் மைக்க அமுக்கற அதே நேரத்துல அவனும் அமுக்கறான். நான் விட்டா அவனும் விட்டுடறான். பேசும்போது நமக்குக் கேக்காதில்ல, அந்த நேரமாப் பாத்து. நான் கூப்புட்டு முடிச்ச ஒடனே திட்டு வரும். நான் டீ குடிக்கப் போனா திட்டும் நின்னுடும். நேத்து சோதன பண்ணிப் பாத்தேன். அர மணி நேரம் மைக்கத் தொடல. ஒரு திட்டு இல்ல. அமைதின்னா அமைதி, பாறைக்காரன் பாட்டுக்கு வரிசையா ஆளுங்கள முடிக்கறான். சரி போயிட்டான்னு நெனச்சு மறுபடி கூப்புட்டேன். பிசாசு மாதிரி வந்துட்டான்.

இதுலேந்து என்ன தெரியுது? நீங்க பேங்க் ஆபீசர், நீங்களே யோசிங்க. என்னை மட்டும் குறி வெச்சு செய்யறான். அதுலயும் நேத்து சாயங்காலம் ஒரு ரஷ்யாக்காரன் என் கால்சைனையே சொல்லித் திட்டறான் சார். என் சொந்தக் கால்சைன். அப்படின்னா அவன் என் பேர வேற திருடி வெச்சிருக்கான். கத்தறது அவன், கெடறது என் பேரு.

இப்படி செய்யணும்னா அவனுக்கு நான் எப்ப மைக்க அமுக்கறேன்னு தெரியணும். அது யாருக்குத் தெரியும்? பக்கத்துல இருக்கறவனுக்குத்தான். டிரேவரும் ரேடியோக்காரன், அவன் மொட்டமாடியிலேந்து பாத்தா என் கம்பி தெரியும். நான் எங்க ரேடியோ கிளப் செக்ரட்டரி கோவிந்தப்பாகிட்ட சொன்னேன். கம்பியப் பாத்து மைக்க அமுக்கறது எப்படித் தெரியும் சார்ங்கறான். அவனுக்கு என்ன தெரியும். ‘ஹோக்லி பிடி சார்’ங்கறான் கன்னடத்துல, போனாப் போவுது விடுங்கன்னு. எப்பப் பாத்தாலும் அதேதான். கிளப்ல ஃபேன் திருடு போனப்பவும் அதத்தான் சொன்னான்.

டிரேவருக்கு என் மேல என்ன கோவம்னு கேக்கறீங்களா? கோவம் இல்ல சார், அதான் ஆச்சரியம். நாப்பது வயசு, ஃபேக்டரி டூல் ரூம்ல வேல, ‘அங்கிள் அங்கிள்’னு மரியாதையா பேசுவான். இந்த ரேடியோவுல ஒரு தடவ பொக வந்தப்ப ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்து சரி பண்ணிக் குடுத்தான், ஒரு டீ கூட குடிக்கல. அதனாலதான் மொதல்ல நானே நம்பல. ஆனா அவனுக்குப் பாறை வியாழக்கெழம காலையில ஏழு மணிக்கே கெடச்சிடுச்சு. ஒரே கூப்பாட்டுல. எனக்கு முன்னாடி. நான் லைசென்ஸ் எடுத்தப்ப அவன் அரைக்கால் சட்ட. அவனுக்கு கெடச்சிடுச்சு, எனக்குக் கெடைக்கக் கூடாது. மனுசனுக்கு வேற காரணம் எதுக்கு?

இன்னொன்னும் சொல்றேன். அவன் குத்தமுள்ள மனசுதான்ங்கறதுக்கு அத்தாட்சி. வியாழக்கெழம சாயங்காலத்துலேந்து எனக்குப் போன் மேல போன் பண்றான். ‘அங்கிள், நான் டிரேவர், ஒங்க…’ அப்படின்னு ஆரம்பிப்பான், நான் டக்குன்னு வெச்சிடுவேன். எட்டு தடவ. சேட்டையும் பண்ணிட்டு சமாதானமும் பேசுவானாம். நேத்து பிரிஜெட்ட கோயில் வாசல்ல புடிச்சு ஒரு சீட்டு குடுத்து அனுப்பியிருக்கான். நாலா மடிச்சு, ‘அவசரம், அங்கிளுக்கு மட்டும்’னு எழுதி. நான் பிரிக்கவே இல்ல. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுதுன்னேனே, அதுக்கு அடியில வெச்சிருக்கேன். இப்பவும் ஆடுது. இன்னும் ரெண்டு சீட்டு எழுதுனான்னா சரியாயிடும்.

இத்தனைக்கும் பிரிஜெட் அவன் பக்கம். ‘ஒரு தடவ என்னதான் சொல்றான்னு கேளுங்களேன்’ங்கறா. அவளுக்கு எல்லாரும் நல்லவங்க. மீன்காரன் நேத்தைய மீனக் குடுத்தாலும், பாவம் அவனுக்கு என்ன கஷ்டமோங்கறா.

சரி, இப்ப நீங்க வந்ததே நல்லதாப் போச்சு. நானே மேல வரணும்னு இருந்தேன். இதப் பாருங்க. புகார். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிளப் மீட்டிங், அங்க படிக்கப் போறேன். படிச்சுக் காட்டறேன், ரெண்டு நிமிஷந்தான். ‘மேற்படி நபர் மேற்படி நாட்களில் மேற்படி அலைவரிசையில் வேண்டுமென்றே, மனதறிந்து, கீழே கையெழுத்திட்டுள்ளவரின் அழைப்புகளுக்கு இடையூறு விளைவித்ததோடு…’ எப்படி? முப்பத்தாறு வருஷம் எழுதுன கை. ‘…அன்னாரின் கால்சைனைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி, சர்வதேச அரங்கில் அன்னாருக்கும் நமது தேசத்திற்கும் தீராக் களங்கம் ஏற்படுத்தியமையால்…’ அன்னார்ங்கறது நான். ‘…மேற்படி நபரைக் கிளப்பிலிருந்து நீக்குவதோடு, அவருடைய லைசென்ஸை ரத்து செய்யுமாறு டெல்லிக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன்.’ லைசென்ஸ் போனா போனதுதான் சார், அப்புறம் கேக்கற ரேடியோதான், பேசற ரேடியோ கெடையாது. பாவந்தான். ஆனா யோசிக்க வேண்டியது அவன்.

கடைசி பாரா ஒங்களுக்கு. ‘புகார்தாரரின் கருவி முறைப்படி, இரண்டு கவுண்டர் ஒழுங்கில் இயங்குவதை நேரில் பார்த்தேன்.’ கீழ ஒரு சாட்சிக் கையெழுத்து. அவங்க முந்திக்கிட்டு ‘ஒன் பொட்டியே கோளாறா இருந்தா?’ன்னு கேட்டுடக் கூடாதில்ல. பேனா இந்தாங்க… என்ன சார்? பாக்காம போட மாட்டீங்களா? சபாஷ். இதான் பேங்க் ஆளு. எனக்குப் புடிச்சிருக்கு. பாருங்க, தாராளமா பாருங்க. மணி பதினொன்னு இருபது. அஞ்சு நிமிஷ வேல.

இங்க வாங்க. பெரிய பொட்டி, சின்னப் பொட்டி. பெரிய பொட்டியில இருக்கற டயல் ஒன்னாம் கவுண்டர், அதுல கேப்பேன். சின்னப் பொட்டி டயல் ரெண்டாம் கவுண்டர், அதுல பேசுவேன். ரெண்டையும் பிரிக்கறதுக்கு பெரிய பொட்டியில ஒரு திருகு இருக்கு. ஒரு பக்கம் திருப்புனா கேக்கறது இங்க, பேசறது அங்க. இன்னொரு பக்கம் திருப்புனா பேசறதும் கேக்கறதும் ஒன்னாம் கவுண்டர்லயே. திருகு எங்கன்னு தேடறீங்களா? இதோ, இந்தக் காயிதத்துக்கு அடியில. சீல் வெச்சிருக்கேன். பிரிஜெட் தூசி தட்டறேன்னு எல்லாத்தையும் திருகி விட்டுடுவா. அதனால வியாழக்கெழம காலையில, ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது, திருகத் திருப்பி, மேல காயிதம் ஒட்டி, குறுக்கால கையெழுத்துப் போட்டு, தேதி, நேரம் எல்லாம் எழுதிட்டேன். இன்ஷூர் பார்சலுக்கு வெப்போமில்ல, அதே முறை. கையெழுத்து ஒடையல பாருங்க. யாரும் தொடல. யாரும் தொட்டிருக்கவே முடியாது. அதையும் சாட்சிப் பாராவுல சேத்துடலாமா?

இப்ப பாருங்க. ஆன்டெனாவக் கழட்டிட்டு இந்த நூறு வாட் பல்ப மாட்டறேன். நான் பேசுனா பல்பு எரியும், வெளியில போவாது. உங்க டிவிக்கும் நல்லது. அந்த மூலையில இருக்கே பச்சைப் பொட்டி, அது பழைய மிலிட்டரி ரிசீவர், கேக்க மட்டுந்தான். அத ரெண்டாம் கவுண்டர்ல வெச்சிருக்கேன். ஹெட்போன மாட்டிக்குங்க. நான் பேசுனா அதுல கேக்கணும். ரெடியா? ஹலோ, ஹலோ, சோதனை, ஒன்னு ரெண்டு மூணு… பல்பு எரியுது பாத்தீங்களா, அழகா இருக்கில்ல… கேக்குதா? தலைய ஆட்டறீங்க. கேக்குதுன்னு ஆட்டறீங்களா, கேக்கலன்னு ஆட்டறீங்களா?

கேக்கலையா. அது பழசு சார். சத்தத்தக் கூட்டுங்க. இன்னும் கூட்டுங்க. ஹலோ, ஹலோ… இல்லியா? ஹெட்போன் ஒயரு லூசா இருக்கும். இருங்க… இல்ல, சரியாத்தான் இருக்கு. சரி, அதோட டயல ஸ்வல்ப கீழ எறக்குங்க, டயல் நகந்திருக்கும். மெதுவா… மெதுவா… நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க எறக்குங்க. ஹலோ, ஹலோ, விவேக் நகர்லேந்து டென்சில், ஹலோ…

என்ன சார், துள்ளி விழறீங்க?

எங்க கேக்குது? எந்த எடத்துல? கையெடுங்க, நான் பாக்கறேன்.

…அது ஒன்னாம் கவுண்டர்.

இருக்காது. ஹெட்போனக் குடுங்க. நீங்க இந்த மைக்கப் புடிங்க, எதாவது சொல்லுங்க, ஒங்க பேங்க் பேரச் சொல்லுங்க… நிறுத்துங்க. போதும் சார், போதும். கேட்டுடுச்சு.

இந்த மிலிட்டரிப் பொட்டி எப்பவுமே அப்படித்தான். மழக் காலத்துல தப்பு எடத்துல காட்டும். …இல்ல. மழ பேஞ்சு மாசமாச்சு. பிரிஜெட் திருகியிருப்பா. அவதான் சார், தூசி தட்டறேன்னு… சீலு. ஆமா. சீல் ஒடையல. நான்தான் சொன்னேன்.

காயிதத்த ஒரு ஓரமா… நகத்தால எடுக்கறேன். கையெழுத்து கிழிஞ்சா கிழியட்டும். திருகுல ஒரு வெள்ளப் புள்ளி இருக்கும், அது எடது பக்கம் பாத்தா பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

வலது பக்கம் பாக்குது.

கண்ணாடி போடாம வெச்சேன் சார். அஞ்சு நிமிஷம் இருந்துது, பதட்டம், கண்ணாடி பூசைப் புத்தகத்துக்குள்ள இருந்துது. திருப்புனேன். திருப்புனது ஞாபகம் இருக்கு. ஏற்கெனவே சரியா இருந்தத திருப்பியிருக்கேன்… அப்புறம் சீல் வெச்சு கையெழுத்தும் போட்டிருக்கேன்.

நாலு நாள். ஜப்பான்காரன் என்னைத்தான்… அந்த இத்தாலிக்காரன் அழுதது… ‘மேல போடா முட்டாளே’ன்னு நான் கத்துனேன் பாருங்க, அதுவும் ஒன்னாம் கவுண்டர்லயேதான் கத்தியிருக்கேன். நான் டீ குடிக்கப் போனப்பல்லாம் ஒலகம் மூச்சு விட்டிருக்கு.

மணி என்ன சார்? பதினொன்னு முப்பத்தெட்டா. இருபத்திரெண்டு நிமிஷம்.

ஒக்காருங்க, போவாதீங்க. பல்பக் கழட்டுங்க, சுடும், துண்டு வெச்சுக் கழட்டுங்க. ஆன்டெனா ஒயர அந்தச் சொருகுல… ஆங், திருகுங்க. புள்ளி எடது பக்கம். நீங்களும் பாருங்க, எடது பக்கந்தானே? கண்ணாடி போட்டிருக்கேன், இருந்தாலும் பாருங்க. எனக்கு என் மேல இருந்த நம்பிக்க கொஞ்சம் கொறஞ்சிருக்கு. சின்ன டயல் ரெண்டாம் கவுண்டர்ல. சரி. கேளுங்க, அதோ, அந்தக் கொரல்தான் பாறை. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. நேத்து அந்த அர மணி நேரத்துக்கு அப்புறம் இப்பத்தான் அவன் பேசறத ஒரு திட்டும் இல்லாம கேக்கறேன். பிரேசில்காரன் ஒருத்தன முடிக்கறான்… முடிச்சிட்டான். இப்ப.

கூப்புட்டேன். ரெண்டு தடவ. பேசாதீங்க.

…சார். என் கால்சைன். அவன் சொல்றது என் கால்சைன்தானே. ஆமா, ‘அம்பத்தொம்போது’ங்கறான். ரோஜர், ரோஜர், உங்களுக்கும் அம்பத்தொம்போது, தேங்க் யூ… போயிட்டான். அடுத்த ஆளுக்குப் போயிட்டான். எட்டு செகண்டு இருக்குமா? பத்தா? லாக் நோட்டுல எழுதறேன், நீங்க நேரத்தச் சொல்லுங்க. பதினொன்னு நாப்பத்தி மூணு. முந்நூறு.

ஒரே கூப்பாடு சார். வியாழக்கெழம ஆறு மணிக்கே அந்தப் புள்ளி எடது பக்கம் இருந்திருந்தா ஆறு அஞ்சுக்குக் கெடச்சிருக்கும். எனக்கு மட்டுமா? நம்ம ஊருல எத்தன பேரு கூப்புட்டு, அவன் பதில் சொல்லி, என் கூச்சல்ல அது கேக்காம, கெடைக்கலன்னு பொட்டிய மூடிட்டுப் போனாங்களோ. மைசூர் ரோடுல சீனுன்னு ஒருத்தர் இருக்காரு. இடுப்பு ஒடஞ்சு ரெண்டு வருஷமா படுக்க. கட்டில் பக்கத்துலயே ரேடியோ. அவரும் இந்தப் பாறைக்குத்தான் காத்திருந்தாரு. வெள்ளிக்கெழம போன் பண்ணாரு. ‘எவனோ ஒரு பாவி, டென்சில்’னாரு. ஆமா சீனு, அவன சும்மா விடக் கூடாதுன்னேன்.

போன் அடிக்குது. டிரேவராத்தான் இருக்கும். ஒம்போதாவது தடவ. நீங்க பேசாம இருங்க சார், ஒங்க சத்தம் கேட்டுடப் போவுது.

ஹலோ… ஆமா டிரேவர், நான்தான். இல்ல, வெக்கல, சொல்லு… கேட்டியா? நீயும் கேட்டுக்கிட்டா இருந்தே?… ஆமா, மொதக் கூப்பாட்டுலயே… தேங்க்ஸ்பா. நீ அழறியா என்ன? ஜலதோஷமா, சரி… திருகா? எந்தத் திருகு?… ஓ. சீட்டுல அதத்தான் எழுதியிருந்தியா. இல்லப்பா, பத்திரமாத்தான் வெச்சிருக்கேன். அது… உபயோகத்துல இருக்கு… கேளு, மொதல்ல ஒன்னு செய்யி. இன்னும் பதிமூணு நிமிஷம் இருக்கு. சீனுவுக்குப் போன் பண்ணி இப்பவே கூப்புடச் சொல்லு. ஒன்னாம் கவுண்டர் காலியா இருக்குன்னு சொல்லு. நான் மைக்கத் தொட மாட்டேன், சத்தியம்… ஏற்கெனவே சொல்லிட்டியா. கூப்புட்டுக்கிட்டிருக்காரா. சரி. சரி.

சாயங்காலமா? வர்றேன், வராம என்ன… புகாரா? கோவிந்தப்பா சொன்னானா? அது ஒன்னும் பெருசா இல்ல, பொதுவா நாலு வரி… நான் என்ன நெனைக்கறேன்னா டிரேவர், அந்த ஆள மன்னிச்சு விட்டுடலாம். தெரியாமப் பண்ணியிருப்பான். வயசான ஆளாத்தான் இருப்பான், கண்ணு சரியாத் தெரியாது… யாரா? தெரிஞ்ச ஆளுதான்… ஒனக்கும் தெரியுமா. எப்பலேந்து?… வியாழக்கெழம ஏழு அஞ்சுலேந்தா.

இல்ல, நீ சொல்லாதே. நீ யாருகிட்டயும் சொல்லாதேப்பா. பேர நானே சொல்றேன், மீட்டிங்குல எழுந்து நின்னு சொல்றேன்… மொதல்லயேவா? மொதல்ல வேணாம். போன மாச அறிக்க படிக்கட்டும், டீ பிஸ்கட் எல்லாம் ஆவட்டும். பாதிப் பேரு பஸ்ஸுக்குக் கெளம்பிடுவாங்க பாரு, அதுக்கப்புறம் சொல்றேன்.